ஆணி அடிக்காத கூரை

மாமா கூரையில் ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட் வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அம்மா, அக்கா, அக்காவின் கணவரான மாமா, நான். அப்பா இல்லை. லகாட்டில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்த அவருக்கு அன்று முறை கிடையாது. ஆனாலும் வேறொருவரின் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு விடியும் முன்பே போய்விட்டார். வீட்டில் ஏதாவது முடிவெடுக்க வேண்டிய நாள்களில் அப்பாவுக்கு எங்கிருந்தாவது வேலை வந்துவிடும். அக்காவின் வயிற்றில் இருந்த பிள்ளையை அம்மா ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அக்கா சேர்க்கவில்லை. முன்பு இரண்டு முறை அப்படிச் சேர்த்துப் பார்த்து, இரண்டு முறையும் மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவள் அவள்.

மாமா ஏணியில் கால் வைத்ததும் அம்மா வானொலியை நிறுத்தினார். ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததிலிருந்து மத்தியானம் வரை பாடிக்கொண்டே இருக்கும் பெட்டி அது. மின்விசிறியின் வேகத்தையும் குறைத்தார். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவத் தொடங்கினார். கைகள் கீரையில் இருந்தன. தலை சற்றே உயர்ந்து, காது மேலே இருந்தது. கூரை சரியாகிறதா என்பதை மழை பெய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். எங்காவது ஓர் ஆணி இறங்கும் சத்தம் கேட்கிறதா என்பதுதான் அவருக்கு அப்போது தெரிய வேண்டியிருந்தது.

மாசமாக இருக்கும் பெண் உள்ள வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. சுவரில் துளை போடக் கூடாது. கயிற்றையோ கம்பியையோ முடிச்சுப் போடக் கூடாது. அந்தப் பெண்ணின் கணவனுக்கும் இதெல்லாம் ஆகாது. இதற்கு எங்கள் வீட்டில் 'பந்தாங்' என்ற மலாய்ச் சொல்லைத்தான் பயன்படுத்துவோம். தெருவில் எந்த வீட்டில் போய்ச் சொன்னாலும் புரியும், மேற்கொண்டு கேள்வி வராது. நாங்கள் கத்தோலிக்கர்கள். இது எங்கள் வேதத்தில் எங்கும் இல்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். அந்த வருடம் கூடத்துச் சுவரில் இருந்த மாதா படம், ஆணி துருப்பிடித்துப்போய்க் கீழே விழுந்தது. கண்ணாடி உடையவில்லை. ஆனால் திரும்ப மாட்டுவதற்கு ஆணி அடிக்க வேண்டுமே. ஆகவே மாதா குளிர்பெட்டியின் மேல், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றபடி எங்கள் ஜெபங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாமியாருக்குத் தெரிஞ்சா சிரிப்பாரு," என்றார் அப்பா.

"சாமியாருக்குப் புள்ளையா, குட்டியா," என்றார் அம்மா. அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

எனக்கு அப்போது வேலைக்குப் போய் ஓராண்டுகூட ஆகவில்லை. காம்பாரில் கணக்கியல் படித்து, ஈப்போவில் ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான் என்பதால், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வது என் கடமை என்று நம்பிய காலம் அது. ஆணிக்கும் கருவுக்கும் தொடர்பில்லை என்று அம்மாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்: அக்காவின் கர்ப்பப்பையின் வாய் பலவீனமானது, பிள்ளையின் கனம் கூடும்போது அது தாங்குவதில்லை, இந்த முறை முன்கூட்டியே தையல் போட்டிருக்கிறார்கள், படுக்கையில் இருந்தால் போதும். அம்மா முழுவதையும் கேட்டார். ஒரு குறுக்குக் கேள்விகூடக் கேட்கவில்லை.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்லா," என்றார் கடைசியில். "சரியா இல்லாமப் போனா, அதுக்கு யார்கிட்ட போய் கேக்கிறது?"

டாக்டர் போட்டதும் ஒரு முடிச்சுதானே, அதை மட்டும் எப்படி ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்க நினைத்தேன்; கேட்கவில்லை.

கூரை அந்த நிலைமைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அம்மாவும் அப்பாவும் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் கூரை என்பது தோட்டத்தின் சொத்து. ஒழுகினால் ஆபிசில் சொல்ல வேண்டும். ஆபிசிலிருந்து தச்சர் வருவார், அல்லது வரமாட்டார். வரும்போது ஒரு வீட்டுக்கு மட்டும் வரமாட்டார். மழைக்காலத்துக்கு முன்பு லயம் முழுவதற்கும் சேர்த்துத் தார் பூசிவிட்டுப் போவார். தோட்டத்தை விற்று ஆட்களை வெளியேற்றிய பிறகு, கையில் கிடைத்ததோடு கடனும் சேர்த்து வாங்கியதுதான் இந்த வரிசை வீடு. சுவரை அப்பா தன்னுடையதாக எடுத்துக்கொண்டார். இரண்டு முறை வர்ணம் அடித்தார். தரைக்குப் பளிங்குக் கல் பதித்தார். பின்பக்கம் நீட்டித் தகரக் கூரை போட்டுச் சமையலறையைப் பெரிதாக்கினார். ஆனால் தலைக்கு மேலே இருந்ததை மட்டும் அவர் ஒருபோதும் நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஒழுகுகிறது என்று அம்மா சொன்னால், "ஆபிசுல சொல்லியாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார். சிரித்தபடியே வாளியை எடுத்துக்கொண்டுபோய்த் துளி விழும் இடத்தில் வைப்பார்.

ஒழுகியது பின் அறையில். பழைய ஓட்டுக் கூரை முடிந்து புதிய தகரக் கூரை தொடங்கும் இடத்தில், இரண்டையும் இணைக்கும் தகரப் பட்டை ஒன்று சுவரின் நீளத்துக்கும் ஓடியது. அதன் ஆணிகள் துருப்பிடித்து உதிர்ந்து, பட்டை சுருண்டு மேலெழும்பியிருந்தது. மழைத் தண்ணீர் அந்த வழியாக இறங்கிப் பின் அறையின் உட்கூரைப் பலகையில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தது. அக்கா படுத்திருந்ததும் அந்த அறையில்தான். கழிவறையை ஒட்டியது அது ஒன்றுதான். அதிகம் நடக்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. முன் அறைக்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் வீட்டின் முழு நீளத்தையும் நடந்து கடக்க வேண்டும். மாமாவின் அடுக்குமாடி வீடோ நான்காவது மாடி. மின்தூக்கி வேலை செய்யும் நாளைவிட வேலை செய்யாத நாள் அதிகம்.

செப்டம்பர் பிறந்துவிட்டால் பேராக் மாநிலத்தில் மத்தியானத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வரும். துணியை எடுக்க வாசலுக்குப் போவதற்குள் கொட்டிவிடும். தீபாவளி வரை, அதற்குப் பிறகும், இதே கதைதான். பிள்ளை பிறக்க வேண்டியது அந்த மழை உச்சத்தில் இருக்கும் நேரத்தில். அம்மாவுக்கு இதில் இன்னொரு பந்தாங் இருந்தது. பிள்ளை பெற்ற உடம்பில் ஈரம் படக் கூடாது. ஈரச்சுவர் உள்ள அறையில் பச்சை உடம்புக்காரியையும் சிசுவையும் கிடத்தக் கூடாது. ஆக, பிறப்பதற்கு முன்பு கூரையைத் தொடக் கூடாது. பிறந்த பிறகு கூரை ஒழுகக் கூடாது. இரண்டையும் அம்மா ஒரே மனதில் வைத்துக்கொண்டு, பல நாள்கள் அந்தப் பழுப்பு வட்டத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கடைவரிசையிலிருந்து கூரை வேலை செய்யும் சீனர் ஒருவரை அழைத்து வந்தேன். விலை மட்டும் கேட்கலாம் என்று அம்மா சம்மதித்திருந்தார். வெளி ஆள், தொழில் தெரிந்தவர், அரை நாளில் முடிந்துவிடும் என்று அவர் வாயால் சொன்னால் அம்மா இறங்கி வருவார் என்பது என் எண்ணம். அவரும் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து விலை சொன்னார். அரை நாள் வேலைதான் என்றும் சொன்னார். கை கழுவச் சமையலறைப் பக்கம் போனபோது, திறந்திருந்த கதவு வழியாக அக்கா படுத்திருப்பதைப் பார்த்துவிட்டார். எத்தனை மாதம் என்று மலாயில் கேட்டார். ஏழு என்றார் அம்மா. சீனர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் ஏணியை மடக்கத் தொடங்கினார்.

"தாக் போலே லா," என்றார். முடியாது; அவருடைய மருமகள் மாசமாக இருந்தபோது ஓர் அலமாரியைக்கூட இடம் மாற்ற விடவில்லையாம். பிள்ளை பிறந்து ஒரு மாதம் கழித்துக் கூப்பிடுங்கள், முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன் என்றார்.

அம்மா அவருக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தார். பலகாரத் தட்டும் வந்தது. முன்பின் தெரியாத அந்த மனிதரோடு அம்மா அன்று உடைந்த மலாயில் பேசிய பேச்சைக் கேட்டவர்கள், ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள். என் பக்கம் அம்மா திரும்பக்கூட இல்லை. திரும்ப வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு வென்றிருந்தார்.

மாமாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வீடுகளின் முன்வாசலுக்கு இரும்புச் சட்டம் நிறுத்தி அலுமினியக் கூரை போட்டுத் தரும் ஒரு சிறு நிறுவனத்தில் அவர் வேலை. சுவரில் துளை போடுவதும் ஆணி இறக்குவதும்தான் தொழில்; ஒரு குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் அவர் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பார். எந்த இடத்தில் தாங்கும், எந்த இடத்தில் தாங்காது என்று கண் தானாகத் தேடும் போலும். கல்யாணமாகி முதன்முறை அக்கா மாசமானபோது, அடுக்குமாடி வீட்டின் சன்னலுக்குத் திரைத்துணி மாட்டக் கம்பி வேண்டும் என்று அவளே கேட்டாள். அவர் ஒரு மாலையில் டிரில்லை எடுத்துத் துளை போட்டு மாட்டிவிட்டார். சில வாரங்களில் அந்தப் பிள்ளை போயிற்று. அம்மா பார்க்கப் போனார். அந்தச் சன்னலுக்குக் கீழே போய் நின்று கம்பியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குப் பிறகு மருமகனோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட வரச் சொல்லு, போகும்போது குழம்பு எடுத்துட்டுப் போகச் சொல்லு என்று எல்லாம் எங்கள் வழியாகவே அவருக்குப் போகும். இரண்டாவது முறை வீட்டில் யாரும் எதையும் துளைக்கவில்லை. ஆனாலும் அதுவும் அந்தக் கம்பியின் பெயரிலேயே சேர்ந்தது.

அக்காவிடம் ஒருநாள் இதைப் பற்றிக் கேட்டேன். அம்மா செய்வது நியாயமா என்றேன். அவள் பழுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

"ஆணி அடிச்சதால போச்சுன்னா, அவர்மேல கோவப்பட்டுக்கலாம்டா. அடிக்காமலே போச்சுன்னா யார்மேல கோவப்படுறது? அம்மாவுக்கு யாராவது ஒருத்தர் வேணும். அவருக்கும் அது தெரியும்."

சீனர் போன அடுத்த வாரம், வேலை முடிந்து அக்காவைப் பார்க்க வந்த மாமா வாசல் கேட்டருகே என்னை நிறுத்தினார். "மச்சான், ஆணி இல்லாமச் செய்யலாம். அத்தைகிட்ட நீ கேளு." நான் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கம்பியும் கட்டக் கூடாது, கயிறும் கட்டக் கூடாது என்றார் அம்மா. வாசலுக்கு வந்து சொன்னேன். சரி என்றார் மாமா. திரும்பப் போய்ச் சொன்னேன். அப்ப எப்படி நிக்குமாம் என்று கேட்டார் அம்மா. நான் மறுபடி வாசலுக்கு நடந்தேன். அவர்கள் இருவருக்கும் இடையே ஒரு கூடமும் ஒரு திரைத்துணியும்தான். பேசுவது ஒருவருக்கொருவர் நன்றாகவே கேட்டது.

"கனத்துல நிக்கும்னு சொல்லு," என்றார் மாமா.

ஞாயிறன்று அவர் மோட்டார் சைக்கிளில் வந்தபோது, எப்போதும் பின்னால் கட்டியிருக்கும் கருவிப்பெட்டி இல்லை. சற்று நேரத்தில் ஒரு நண்பரின் வேன் வந்து சாமான்களை இறக்கிவிட்டுப் போனது: பழைய பட்டையைவிட அகலமான ஒரு தகரம், தார்ப்பசை தடவிய வெள்ளி நிற நாடாச் சுருள்கள், மாற்று ஓடுகள், வெறும் சாக்குகள், மணல். தகரத்தைக் கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கி வந்திருந்தார். வெட்டக் கூடாது என்று அம்மா சொல்லவே இல்லை. இது அம்மாவின் சொல்லை மிஞ்சிப் போய்க் காட்டும் குத்தல் என்று நான் எடுத்துக்கொண்டேன். சாக்குகளில் மணலை நிரப்பினோம். நான் வாயைக் கட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, சாக்கின் வாயை ரொட்டிப் பையை மடிப்பதுபோல இரண்டு மடிப்பு மடித்து அடியில் சொருகினார். முடிச்சு இல்லை. அதையும் குத்தல் என்றே நினைத்தேன்.

வேலை நிதானமாக நடந்தது. வெறுங்காலோடு, ஓட்டின் விளிம்பில் மட்டும் பாதம் வைத்து நடந்தார். சுருண்ட பழைய பட்டையை, எஞ்சிய ஆணிகளைப் பிடுங்காமலே கையால் தட்டையாக்கினார். அதன்மேல் புதிய தகரத்தை விரித்து, மேல் விளிம்பை ஓடுகளைத் தூக்கி அடியில் நுழைத்தார். ஓடுகளை மறுபடி இறக்கியதும் அவற்றின் கனமே அதைப் பிடித்துக்கொண்டது. கீழ் விளிம்பைத் தகரக் கூரையோடு நாடாவால் ஒட்டினார். நான் ஏணியில் நின்று சாக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக் கொடுத்தேன். கீழே அம்மாவின் கீரை முடிந்திருந்தது. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை. ஓர் ஓடு கைநழுவி மற்றொன்றின் மேல் தட்டியபோது சமையலறையிலிருந்து, "என்ன சத்தம் அது?" என்று கேள்வி வந்தது. ஓடு என்று நான் சொன்னேன். "ஓடுதானே?" என்று மறுபடி கேட்டார்.

நாடாவின் பசை நன்றாகப் பிடிக்க வெயில் வேண்டும். அன்று காலை வெயில் இருந்தது. சாயங்காலம் வரை இருந்தால் போதும் என்றார் மாமா. மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்க இருந்த நேரத்தில் மலைப்பக்கம் இருண்டது. மழைக்கு முன்னால் காற்று வந்தது. நாடா ஒட்டாமல் இருந்த ஓரத்தில் தகரம் மெல்ல எழும்பி, அடங்கி, மறுபடி எழும்பியது. இன்னும் சில மணல் சாக்குகள் கீழேயே கிடந்தன. நான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினேன். காற்று ஏணியையே ஆட்டியது. இறங்கச் சொல்லி மாமா கை காட்டினார். தகரத்தின் ஓரம் நாடாவைப் பிய்த்துக்கொண்டு முழுவதுமாகக் கிளம்பியபோது, அவர் அதன்மேல் குப்புறப் படுத்துவிட்டார். கையை விரித்து, காலை விரித்து, கன்னத்தைத் தகரத்தில் வைத்து, இறக்கி வைத்த இன்னொரு சாக்குபோலக் கிடந்தார்.

தகரம் பிய்த்துக்கொண்டு போனால் பின் அறைக்கு மேலே வெறும் இடைவெளிதான் இருக்கும், உள்ளே அக்கா. அப்படியே கிடந்தால் மின்னல். மலைக்கு மேலே அது வெட்டத் தொடங்கியிருந்தது. அக்கா அறைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டு, "அவர எறங்கச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லு," என்றாள். நான் கத்திச் சொன்னேன். அவர் அசையவில்லை. அப்போதுதான் அம்மா தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார். என்னைத் தாண்டிப் போய் ஏணியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ள," என்றார். "ஒரு ஆணிய அடிச்சிட்டு எறங்குங்க."

காற்றில் கேட்டதா என்று தெரியவில்லை. அம்மா குரலை உயர்த்தினார்.

"பரவால்ல, நான்தான் சொல்றேன். அடிச்சிட்டு எறங்குங்க. பொறக்கப்போற புள்ளைக்கு அப்பன் வேணாமா?"

மாமா தகரத்தில் வைத்திருந்த கன்னத்தை எங்கள் பக்கம் திருப்பினார். "சுத்தியல் கொண்டு வரல அத்தை."

சமையலறைத் தொட்டிக்கு அடியில் அப்பாவின் சுத்தியல் இருக்கிறது என்றேன். உள்ளே போகத் திரும்பியும் விட்டேன்.

"வேணாம் மச்சான்," என்றார் அவர். "காத்து நின்னுரும்லா."

அது உடனே நிற்கவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. அம்மா ஏணியின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பிடித்ததால் ஏணிக்கு என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் விடவில்லை. பிறகு காற்று ஓய்ந்து மழை நேராக இறங்கியது. மணல் சாக்குகள் நனைந்து கனத்தன. கிளம்பிய ஓரத்தை நோக்கி ஒரு சாக்கைக் காலால் தள்ளி நகர்த்திவிட்டு, மாமா தவழ்ந்து ஏணிக்கு வந்தார். இறங்கியதும் அம்மா தன் தலையில் இருந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். அது ஏற்கெனவே முழுக்க நனைந்திருந்தது. அவர் வாங்கித் துடைத்துக்கொண்டார். பின் அறையில் ஒரு சொட்டும் விழவில்லை. சமையலறையில் மட்டும் ஓர் இடத்தில் சொட்டியது. அதற்கு வாளி போதும்.

பிள்ளை மழைக்காலத்தின் நடுவில் பிறந்தது. பெண் குழந்தை. நேரம் வந்ததும் டாக்டர் தையலைப் பிரித்தார், மற்றது தானாக நடந்தது. அந்தத் தையல்தான் அவளைக் காப்பாற்றியது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அம்மாவுக்கும் அவருடைய காரணத்தில் சந்தேகமில்லை. நாங்கள் அதைப் பற்றி வாதாடுவதில்லை. இருவருக்கும் கிடைத்தது ஒரே பிள்ளை. அவள் இப்போது பாலர்பள்ளிக்குப் போகிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் சுவரில் எதையாவது ஒட்டிவைக்காமல் போவதில்லை.

சீனர் சொன்னபடி வந்தார். மணல் சாக்குகளைப் பார்த்து, இது எந்தக் கம்பெனியின் வேலை என்று கேட்டார். சாக்குகளை இறக்கிவிட்டு, மாமா போட்ட தகரத்தை அப்படியே விட்டு, அதன்மேல் முறையாக ஆணி இறக்கிப் பூசி முடித்தார். அந்தச் சத்தம் தெரு முழுவதும் கேட்டது. குழந்தை தூக்கத்திலிருந்து விழிக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கு வாசலில் கொட்டகை போட்டுப் பிரியாணி சமைத்தோம். அன்றுதான் மாமாவோடு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வந்தார். வாய்த்துடுக்கு உள்ளவர். சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சத்தமாகச் சொன்னார்: "மாசமா இருந்தது ஒங்க அக்காவா, ஒங்க மாமாவான்னு எங்களுக்கே சந்தேகம்லா தம்பி. டிரில்லத் தொட மாட்டாரு. சுத்தியலத் தொட மாட்டாரு. ஆணிப் பெட்டிய லோரியில ஏத்துடான்னா, அத நீங்க ஏத்துங்கண்ணேன்னு தள்ளி நிப்பாரு."

"சும்மா இருங்கண்ணே," என்றார் மாமா, அவருக்குப் பின்னால் இருந்த கொட்டகைக் காலைப் பார்த்தபடி.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. அக்கா மாசமென்று தெரிந்த வாரத்திலிருந்தே அப்படித்தானாம். தோள்வலி என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். முதலாளி கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, குழுவுக்கு வேறொருவரைத் தலைவராகப் போட்டார். மாமா அலுமினியம் துடைப்பது, லோரி கழுவுவது, சாமான் தூக்குவது என்று இருந்திருக்கிறார். அதற்குத் தகுந்த சம்பளம்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது; அக்காவுக்கும் தெரியாது. கூரையில் அவர் செய்ததை நான் அம்மாவுக்கான குத்தல் என்று நினைத்திருந்தேன். அம்மாவின் சட்டத்தை அம்மாவைவிடக் கடுமையாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார் என்பது எனக்கு அந்தப் பிரியாணித் தட்டின் முன்னால்தான் புரிந்தது. தண்ணீர்க் கூசாவோடு எங்கள் பின்னால் நின்ற அம்மாவுக்கும் அப்படித்தான். அவர் அண்ணனின் குவளையை நிரப்பிவிட்டு உள்ளே போனார்.

தலைவர் பதவி மாமாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. டிரில்லைத் திரும்ப எடுத்தார், இன்னொருவருக்குக் கீழே. இன்றும் அப்படித்தான். பல காலம் கழித்து ஒருமுறை, இதையெல்லாம் உண்மையாகவே நம்புகிறீர்களா என்று நான் நேராகக் கேட்டிருக்கிறேன். என்னைப் பெரிய படிப்பாளியாக மதிப்பவர் அவர். எனக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

"நம்புறேனா இல்லையான்னு தெரியல மச்சான். மூணாவது வாட்டியும் போச்சுன்னு போன் வரும்போது, கையில டிரில்லோட நிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

ஞானஸ்நானத்தன்று விருந்தினர்கள் போன பிறகு, கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் மாமாவும் பிள்ளையோடு பின் அறையில் இருந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்த நிம்மதியில் அப்பா கூடத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, முதன்முறையாகக் கூரையைப் பற்றிக் கேட்டார். "எல்லாஞ் சேத்து எவ்வளவுதாண்டா ஆச்சு அதுக்கு?"

மாமா வாங்கிய தகரம், நாடா, மணல் இருநூற்றுப் பத்து. சீனருக்குக் கொடுத்தது ஆயிரத்து நூற்று ஐம்பது. ஆயிரத்து முந்நூற்று அறுபது ரிங்கிட் என்றேன்.

சமையலறையில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார். "மாப்ளைக்கு மாசம் எவ்வளவு கொறஞ்சுச்சாம்?"

எழுநூறு என்று அந்த அண்ணன் சொல்லியிருந்தார். எட்டு மாதம். சொன்னேன்.

"அதையும் சேத்து ஒங்கப்பாவுக்குச் சொல்லு," என்றார் அம்மா.

சேர்த்துச் சொன்னேன். ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரிங்கிட்.